தெரியாத லிங்க்கோடு ஒரு மெயில்: அழிப்பதா, ஆராய்வதா, சுற்றிப் போய்க் கேட்பதா?

கம்பம், கூடலூர் பக்கம் வீடு. குமுளிக்கு மேலே அணக்கரையிலோ வண்டன்மேட்டிலோ ஏலத்தோட்டம். இப்படி இரண்டு மாநிலத்திலும் பிழைப்பு இருப்பவர்களுக்கு மெயிலும் இரண்டு மாநிலத்தின் பெயரிலும் வருகிறது. வீட்டுக்குத் தமிழ்நாட்டு மின்வாரியம், தோட்டத்து ஸ்டோருக்குக் கேரள மின்வாரியமான கேஎஸ்இபி, இரண்டு ஜிஎஸ்டி எண், இரண்டு வங்கிக் கணக்கு, ஜீப்புக்குக் கேரள கேமரா அபராதம். போதாக்குறைக்கு வருமான வரி ரீஃபண்ட், இ-பான் கார்டு, முன்பின் தெரியாத வளைகுடா வியாபாரி அனுப்பும் ஆர்டர். எல்லாவற்றிலும் ஒரு லிங்க் இருக்கும். அதைத் தொடலாமா கூடாதா?

‘அழிச்சுத் தள்ளுங்க’ என்பான் மகன். ‘அழிச்சிட்டு நாளைக்கு அபராதம் வந்தா யார் கட்டுறது?’ என்பார் அப்பா. இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருப்பதால்தான் இந்தக் கேள்வி தீராமல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆறு வழிகள் இருக்கின்றன: பேசாமல் அழிப்பது, லிங்க்கை நாமே படித்துப் பார்ப்பது, சோதனைத் தளத்தில் போட்டுப் பார்ப்பது, லிங்க்கை விட்டுவிட்டு வேறு வழியில் போய் விசாரிப்பது, அக்ஷயா, இ-சேவை மாதிரி சென்டரில் கேட்பது, புகார் கொடுப்பது. ஒவ்வொன்றாக எடைபோடலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

மெயில் பொய்யாக இருந்து நாம் ஏமாந்தால் என்ன போகும் என்பதை எல்லோரும் யோசிக்கிறார்கள். மெயில் நிஜமாக இருந்து நாம் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன போகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 169-ஆம் பிரிவின்படி, நோட்டீஸை மெயிலில் அனுப்பினாலும் போர்ட்டலில் ஏற்றினாலும் அது உங்களிடம் சேர்ந்ததாகத்தான் கணக்கு. ‘நான் பார்க்கவில்லை’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வருமான வரியில் ரிட்டர்னில் குறை இருப்பதாக நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல 15 நாள்தான். ஆக, பொய்யானால் என்ன போகும், நிஜமானால் என்ன போகும் என்ற இவை இரண்டும் முதல் இரண்டு அளவுகோல்கள்.

மூன்றாவது, ஆகும் நேரம். நான்காவது, சோதிக்கிறேன் என்று கிளம்பி நம் விவரத்தை வேறு யார் கையில் கொடுக்கிறோம் என்பது. ஐந்தாவது இந்த எல்லைப் பக்கத்துக்கே உரியது: தோட்டத்துக்குள், ஒரு கோடு சிக்னலில், சாதாரண ஆண்ட்ராய்டு போனில், கூட யாரும் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா?

எங்கு பார்த்தாலும் சொல்கிற ‘எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள்’ என்ற அளவுகோலை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இடுக்கியில் இருக்கும் தமிழருக்குக் கடிதம் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ வருகிறது. இரண்டிலும் பிழை கண்டுபிடிக்கும் அளவுக்குப் பழக்கம் இருந்தால் அவர் இந்தக் கேள்வியையே கேட்க மாட்டார். அதோடு, இன்றைக்கு மோசடிக்காரன் ஏஐ-யை வைத்துப் பிழையே இல்லாமல் எழுதுகிறான். அரசாங்கத்திலிருந்து தமிழில் வரும் நிஜமான செய்திதான் பல நேரம் யாரோ அரைத்தூக்கத்தில் மொழிபெயர்த்தது போல இருக்கிறது. பிழையை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் முதலில் மாட்டுவது அரசாங்கம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மெயிலைத் திறந்து படிப்பதாலேயே பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உள்ளே இருக்கும் படம் ஏறும்போது ‘திறந்துவிட்டார்’ என்ற தகவல் அனுப்பியவனுக்குப் போகலாம், அவ்வளவுதான். ஜிமெயில் செட்டிங்ஸில் வெளியிலிருந்து வரும் படங்களைக் காட்டும் முன் கேட்கச் சொல்லி வைத்தால் அதுவும் நிற்கும். லிங்க்கைத் தொடுவது, இணைப்பைத் திறப்பது, பதில் போடுவது, கியூஆர் கோடை ஸ்கேன் செய்வது ஆகிய நான்கில்தான் ஆபத்து தொடங்குகிறது.

## வழி 1: பேசாமல் அழிப்பது

நேரம் ஒரு நொடி, செலவு இல்லை, எந்தப் போனிலும் முடியும். பொய் மெயிலுக்கு இதைவிடச் சுலபமான மருந்து கிடையாது.

எல்லைப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு அழிக்க வேண்டியவற்றில் முதலிடம் கேரள லாட்டரி மெயிலுக்கு. தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. கேரளத்தில் லாட்டரித் துறை 1967-ல் தொடங்கி, 1968 ஜனவரி 26-ல் முதல் குலுக்கல் நடந்தது. இன்றுவரை அரசே நடத்துகிறது. அதனால் குமுளிக்கோ ஆரியங்காவுக்கோ வாளையாறுக்கோ போய்ச் சீட்டு வாங்கும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அந்த ஆசையைக் குறிவைத்துத்தான் ‘உங்களுக்குப் பம்பர் விழுந்திருக்கிறது, இங்கே தொட்டு வங்கி விவரம் கொடுங்கள்’ என்று மெயிலும் வாட்ஸ்அப்பும் வருகின்றன. கேரள லாட்டரி காகிதச் சீட்டு மட்டுமே. ஆன்லைன் விற்பனை கிடையாது. பரிசு விழுந்தால் அசல் சீட்டை 30 நாளுக்குள் ஒப்படைத்துத்தான் வாங்க முடியும். சீட்டு உங்கள் சட்டைப் பையில் இல்லையென்றால் பரிசும் இல்லை. இதில் ஆராய ஒன்றுமே இல்லை.

அழிப்பதன் மறைமுகச் செலவு இரண்டாவது அளவுகோலில் இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துப் பழகிய கை ஒருநாள் நிஜமான நோட்டீஸையும் அழித்துவிடும். ஆகவே உங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத விஷயங்களுக்கு மட்டும் இந்த வழி: கணக்கே இல்லாத வங்கி, வாங்காத பார்சல், விண்ணப்பிக்காத கடன், பேர் தெரியாத சொந்தக்காரர் விட்டுப்போன சொத்து.

அழிக்கும் முன் கீழே தெரியும் ‘அன்சப்ஸ்கிரைப்’ என்பதைத் தொட்டுவிட்டு அழிக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். தெரிந்த கம்பெனியின் விளம்பரம் என்றால் செய்யுங்கள். தெரியாத மெயிலில் அதுவும் ஒரு லிங்க்தான். தொட்டால் ‘இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்’ என்று நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

## வழி 2: லிங்க்கை நாமே படித்துப் பார்ப்பது

கம்ப்யூட்டரில் லிங்க்கின் மேல் மவுஸை வைத்தால், தொடாமலேயே கீழ் மூலையில் உண்மையான முகவரி தெரியும். போனில் விரலை அழுத்திப் பிடிக்க வேண்டும். நீல எழுத்தில் எழுதியிருப்பதும் லிங்க் போகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

முகவரியைப் படிக்கும் முறை தபால் முகவரியைப் போலத்தான்: கடிதம் எந்த ஊருக்குப் போகிறது என்பது கடைசி வரியில் இருக்கும். இங்கே முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் பகுதியை எடுத்துக்கொண்டு வலமிருந்து இடமாகப் படியுங்கள். ‘இன்கம்டேக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன்’ என்று முடிந்தால் அது வருமான வரித் துறை. ‘இன்கம்டேக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன் டாட் ரீஃபண்ட்செக் டாட் காம்’ என்று இருந்தால், முன்னால் வருகிற அரசாங்கப் பெயரெல்லாம் வெறும் அலங்காரம், வீட்டுக்காரன் ரீஃபண்ட்செக். ‘ஜிஓவி டாட் இன்’ என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். வங்கிகளுக்கும் இப்போது இதைப் போல ஒன்று வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் தங்கள் இணைய வங்கி முகவரியை ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும்படி மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. உங்கள் வங்கியின் புதிய முகவரியை ஒருமுறை கிளையில் கேட்டுக் குறித்துக்கொண்டால் பல வருடத்துக்கு உதவும்.

பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்ற பழைய பாடத்தை மறந்துவிடுங்கள். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. எதிர்முனையில் இருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லாது. மோசடித் தளங்களிலும் அது இருக்கும். மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே 2023-ல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு அடையாளம் வைத்தது.

இந்த வழியின் மறைமுகச் செலவு கொஞ்சம் பெரியது. முதலாவது, போனில் அழுத்திப் பிடிக்கப் போய்ப் பட்டென்று தொட்டுவிடுவது. ஏலக்காய் பறித்த கையோடு, கீறல் விழுந்த திரையில், இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இரண்டாவது, கண்ணை ஏமாற்றும் எழுத்துகள். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் சின்னத் திரையில் எம் போலத் தெரியும். மூன்றாவதுதான் முக்கியம்: நிஜமான மெயிலிலும் லிங்க் நேராகப் போவதில்லை. வங்கிகளும் கடைகளும் மொத்தமாக மெயில் அனுப்ப வேறு கம்பெனிகளை வைத்திருக்கின்றன. யார் தொட்டார்கள் என்று கணக்கெடுக்க, லிங்க் முதலில் அந்தக் கம்பெனியின் முகவரிக்குப் போய், அங்கிருந்து வங்கிக்குத் திரும்பும். ஆபீஸ் அவுட்லுக் மெயில் என்றால் மைக்ரோசாஃப்டே பாதுகாப்புக்காக லிங்க்கை மாற்றி எழுதியிருக்கும். ஆக, விசித்திரமான முகவரி என்பதாலேயே பொய் என்று சொல்ல முடியாது.

இதனால் இந்த வழிக்கு நான் கொடுக்கும் இடம் சின்னது. முகவரி அப்பட்டமாகப் பொய் என்று தெரிந்தால் அழிக்கலாம். சரியாக இருப்பதுபோல் தெரிந்தால்? அப்போதும் தொட வேண்டாம் என்பேன். காரணம் நான்காவது வழியில் வருகிறது.

## வழி 3: சோதனைத் தளத்தில் போட்டுப் பார்ப்பது

கொஞ்சம் கம்ப்யூட்டர் பழக்கம் உள்ள பிள்ளைகள் சொல்வது இது. வைரஸ்டோட்டல் என்று ஒரு தளம். 2004-ல் ஸ்பெயினில் தொடங்கியது, 2012-ல் கூகுள் வாங்கியது. லிங்க்கை நகலெடுத்து அங்கே ஒட்டினால், எழுபதுக்கும் மேற்பட்ட பாதுகாப்பு நிறுவனங்களின் பட்டியலில் அது இருக்கிறதா என்று ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். இலவசம்தான்.

சிவப்பு விழுந்தால் நம்பலாம். பச்சை விழுந்தால் நம்பக் கூடாது. மோசடித் தளங்கள் காலையில் முளைத்துச் சாயங்காலம் மறைகின்றன. பட்டியலில் ஏறும் முன்பே வேலையை முடித்துவிடுகின்றன. முதல் ஆளாக உங்களுக்கு மெயில் வந்திருந்தால் எல்லாம் பச்சையாகத்தான் காட்டும்.

நான்காவது அளவுகோல் இங்கேதான் கடிக்கிறது. அந்தத் தளத்தில் நீங்கள் ஏற்றும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் பணம் கட்டிய சந்தாதாரர்களுக்கும் கிடைக்கும். சந்தேகமான இணைப்பு என்று நினைத்து, நிஜமான ஜிஎஸ்டி நோட்டீஸையோ வங்கி ஸ்டேட்மென்ட்டையோ ஏற்றிவிட்டால் அது வெளியே போனது போனதுதான். லிங்க்கின் வாலிலும் உங்கள் மெயில் முகவரியோ, பாஸ்வேர்டு மாற்றும் சாவியோ ஒட்டியிருக்கலாம்.

கடையில் கம்ப்யூட்டர் வைத்து, நாளெல்லாம் மெயில் பார்க்கும் ஆளுக்கு இது பயன்படும். தோட்டத்தில் போனோடு நிற்பவருக்கு வேண்டாம். ‘இன்காக்னிட்டோவில் திறந்து பார்க்கிறேன்’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது உங்கள் வீட்டாரிடமிருந்து நீங்கள் பார்த்த பக்கங்களை மறைக்கும், மோசடிக்காரனிடமிருந்து உங்களை மறைக்காது.

## வழி 4: லிங்க்கை விட்டுவிட்டு வேறு வழியில் போவது

மெயில் நிஜமா பொய்யா என்று கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயமே நமக்கு இல்லை. மெயிலில் சொன்ன விஷயம் நமக்கு இருக்கிறதா என்று தெரிந்தால் போதும். அதைத் தெரிந்துகொள்ள அந்த மெயில் காட்டும் வாசல் தேவையில்லை; நமக்கு ஏற்கெனவே தெரிந்த வாசல் ஒன்று எப்போதும் இருக்கும்.

வருமான வரி என்றால், இணையதள முகவரியை நாமே தட்டி இ-ஃபைலிங் தளத்துக்குப் போய் ‘பெண்டிங் ஆக்ஷன்ஸ்’ பகுதியைப் பார்க்கலாம். நோட்டீஸ் நிஜமென்றால் அங்கே இருக்கும். உள்ளே நுழையக்கூட வேண்டாம்: 2019 அக்டோபர் 1 முதல் அந்தத் துறை அனுப்பும் கடிதங்களில் டின் என்கிற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும், அந்த எண்ணைப் போட்டு நோட்டீஸ் உண்மையா என்று சரிபார்க்கும் வசதி முகப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. பான் 2.0 திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிறகு ‘இ-பான் இறக்கிக்கொள்ளுங்கள்’ என்ற மெயில்கள் சுற்றின. அவை போலி என்று மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு எச்சரித்தது.

ஜிஎஸ்டியில் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு கண்ணி உண்டு. போடியில் கடை, வண்டன்மேட்டில் கிளை என்றால் எண் இரண்டு: தமிழ்நாட்டு எண் 33-ல் தொடங்கும், கேரள எண் 32-ல் தொடங்கும். இரண்டுக்கும் லாகின் தனித்தனி. பழக்கப்பட்ட 33-க்குள் போய்ப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை, மெயில் பொய்’ என்று முடிவு கட்டுகிறார்கள். நோட்டீஸோ 32-ல் காத்திருக்கும். மெயிலில் எந்த எண் போட்டிருக்கிறது என்று பார்த்து அந்த லாகினுக்குள்ளேயே போக வேண்டும். உள்ளே போனாலும் ‘நோட்டீஸஸ் அண்ட் ஆர்டர்ஸ்’ என்று ஒரு பகுதி, ‘அடிஷனல் நோட்டீஸஸ் அண்ட் ஆர்டர்ஸ்’ என்று இன்னொன்று. இரண்டையும் திறங்கள். முதலாவதை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் ஹைகோர்ட் வரை போயிருக்கிறார்கள்.

கேமரா அபராதமும் அப்படியே. கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் சாலைக் கேமராக்களை வைத்து அபராதம் போடத் தொடங்கினார்கள். குமுளி தாண்டும் ஜீப்புக்காரருக்கு அபராத மெயில் வந்தால் நம்பத்தான் தோன்றும். சீட் பெல்ட் போடாமல் போனது அவர் மனசுக்குத் தெரியும். இந்த மாதிரி ‘இருக்கலாம்’ என்று தோன்றும் மெயில்தான் ஆபத்தானது. மத்திய அரசின் வாகனத் தளமான பரிவாகனின் இ-சலான் (அபராதச் சீட்டு) பக்கத்துக்கு நேராகப் போய் வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். முகவரி ‘பரிவாகன் டாட் ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். அபராதம் கட்ட ஏபிகே கோப்பை (போனில் நேரடியாகச் செயலியை நிறுவும் கோப்பு) இறக்கச் சொன்னால் அது பொய். எந்த அரசாங்கமும் அபராதம் வாங்க ஏபிகே அனுப்புவதில்லை.

‘இன்று இரவு கரண்ட் கட்’ என்றால் கேரள இணைப்புக்கு 1912, தமிழ்நாட்டு இணைப்புக்கு மின்வாரியச் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987. வங்கி என்றால் ஏடிஎம் அட்டையின் பின்புறம் இருக்கும் எண், இல்லையேல் பாஸ்புக்கில் அச்சடித்த கிளை எண். கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடி வரும் முதல் எண் வேண்டாம். அதுவே பல நேரம் மோசடிக்காரன் போட்டுவைத்த எண்.

வியாபாரத்தில் இந்த வழியைத் தவிர வேறு எதுவும் உதவாத ஒரு சந்தர்ப்பம் உண்டு. வருடக்கணக்கில் சரக்கு வாங்கும் பார்ட்டியிடமிருந்து மெயில்: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய விவரம் லிங்க்கில்’. அனுப்பியவர் முகவரி சரி. பழைய கடிதப் போக்குவரத்து முழுவதும் கீழே இருக்கிறது. ஏனென்றால் அவர் மெயில் பெட்டிக்குள்ளேயே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். லிங்க்கைப் படித்தாலும் சோதனைத் தளத்தில் போட்டாலும் எல்லாம் சுத்தமாகவே காட்டும். பதில் மெயில் போட்டுக் கேட்டால் பதில் சொல்வதும் அவன்தான். புத்தடியிலோ போடியிலோ ஏலக்காய் ஏலத்தில் பார்த்துப் பேசிய ஆளின் பழைய நம்பருக்குக் கூப்பிட்டுக் குரலில் கேட்பது ஒன்றுதான் வழி. ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் அனுப்பும் முன் கணக்குக்காரர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. பணம் அனுப்பும் முன் அந்தப் பெயரையும் பாருங்கள்.

இதற்குச் செலவு நேரம். போர்ட்டல் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்க வேண்டும். கணக்குப் பார்க்கும் ஆடிட்டரிடம் மட்டும் இருந்தால் அவர் போன் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். தோட்டத்தில் ஓடிபி வராமல் மேட்டில் ஏறி நிற்க வேண்டியிருக்கும். பரவாயில்லை. ‘24 மணி நேரத்துக்குள்’ என்று மிரட்டினாலும் சாயங்காலம் கீழே இறங்கியபின் பார்த்தால் எதுவும் குடிமுழுகிப் போகாது.

## வழி 5: சென்டரில் கேட்பது

கேரளப் பக்கம் அக்ஷயா, தமிழ்நாட்டுப் பக்கம் இ-சேவை மையம், இரண்டு பக்கமும் பஸ் ஸ்டாண்டு அருகே தனியார் பிரவுசிங் சென்டர். ஆங்கிலமும் மலையாளமும் படிக்க வராத பெரியவர்களுக்கு இது நிஜமான வழி. இதை ஏளனமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணோ பையனோ இதே மாதிரி மெயிலைப் பலரிடம் பார்த்திருப்பார்கள். ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். கேரளத் துறைக் கடிதத்தை அக்ஷயாவில் கேட்பது நல்லது. இந்தப் பக்கத்து மையத்துக்கு அந்தத் தளங்கள் பழக்கமிருக்காது.

ஆனால் செலவு கட்டணத்தோடு முடிவதில்லை. போனை அப்படியே கொடுத்துவிடுவது, பாஸ்வேர்டைச் சத்தமாகச் சொல்வது, அதை அவர்கள் கம்ப்யூட்டர் நினைவில் வைத்துக்கொள்வது, ஆதார் நகல் அவர்கள் வாட்ஸ்அப்பில் கிடப்பது. இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று: நம் பக்கத்தில் பலருடைய மெயில் ஐடியே சென்டர்காரர் உண்டாக்கியது. பிள்ளையின் ஸ்காலர்ஷிப்புக்கோ பான் கார்டுக்கோ அவசரமாகத் தொடங்கி, மீட்பு எண்ணாகத் தன் நம்பரையே போட்டிருப்பார். கெட்ட எண்ணம் இருந்திருக்காது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று செய்தது. ஆனால் அந்த நம்பர் யாரிடம் இருக்கிறதோ அவர் உங்கள் மெயிலைத் திறக்கலாம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் மீட்பு எண் யாருடையது, எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

கேட்பதானால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டுங்கள். மெயிலை ஃபார்வர்டு செய்யாதீர்கள். ஃபார்வர்டில் லிங்க் உயிரோடு போகும், படத்தில் யாரும் தவறித் தொட முடியாது. வெளியூரில் படிக்கும் மகளிடம் கேட்பதற்கும் இதுவே முறை.

## வழி 6: புகார் கொடுப்பது

இதில் படிகள் உண்டு. ஜிமெயிலை கம்ப்யூட்டரில் திறந்து மூன்று புள்ளியில் ‘ரிப்போர்ட் ஃபிஷிங்’ (இது மோசடி மெயில் என்று தெரிவிப்பது) கொடுப்பதற்குச் சில நொடி போதும். அடுத்தவருக்கு அது போகாமல் தடுக்க உதவும். வருமான வரித் துறை பெயரில் வந்ததென்றால் ‘வெப்மேனேஜர் அட் இன்கம்டேக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன்’ முகவரிக்கு அனுப்பச் சொல்லி அந்தத் துறையே கேட்டிருக்கிறது. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பணம் போகாத நிலையிலும் சந்தேகமான முகவரியைத் தெரிவிக்கலாம்.

1930 வேறு. பணம் போனபின் அழைக்கும் எண் அது. நீங்கள் சொன்ன வேகத்தில் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்கப் பார்ப்பார்கள். சும்மா சந்தேக மெயிலுக்கு அதில் அழைத்துப் பயனில்லை.

புகார் உங்கள் பிரச்சினையைத் தீர்க்காது; ஊருக்கு நல்லது. அதனால் தனியாக இது ஒரு வழி ஆகாது, மற்ற எதோடும் சேர்த்துச் செய்யலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | மெயில் பொய்யானால் | மெயில் நிஜமானால் | நேரம் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| அழிப்பது | முழுப் பாதுகாப்பு | நோட்டீஸ் தவறும் | நொடி | கெடு தாண்டிய அபராதம் |
| லிங்க்கைப் படிப்பது | ஓரளவு தெரியும் | நிஜத்தையும் சந்தேகிக்க வைக்கும் | ஒரு நிமிடம் | கை தவறித் தொடுவது |
| சோதனைத் தளம் | புதியது என்றால் தப்பும் | தெளிவு கிடைக்காது | சில நிமிடம் | ஆவணம் வெளியே போவது |
| வேறு வழியில் போவது | முழுப் பாதுகாப்பு | வேலையும் முடியும் | கால் மணி முதல் ஒரு நாள் | பாஸ்வேர்டு, சிக்னல், பொறுமை |
| சென்டர் | ஆளைப் பொறுத்தது | நல்ல உதவி | போய் வரும் நேரம் | ஓடிபி, மீட்பு எண் அடுத்தவர் கையில் |
| புகார் | மற்றவருக்குப் பயன் | பொருந்தாது | சில நிமிடம் | பெரிதாக இல்லை |

## யாருக்கு எது

சம்பந்தமே இல்லாத மெயில் என்றால் அழியுங்கள். ‘இருக்கலாமோ’ என்று ஒரு நொடி தோன்றினாலும் நான்காவது வழி. அது நமக்குத் தெரிந்த துறை, வங்கி, வியாபாரி யாராக இருந்தாலும் சரி. கமிஷன் கடையில் கணக்கெழுதும் பிள்ளைக்கு இரண்டாவதும் நான்காவதும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். அறிமுகமில்லாத வெளிநாட்டு ஆர்டரின் இணைப்பைத் திறந்ததும் மெயில் பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே மூடச் சொல்லுங்கள். இன்வாய்ஸைப் பார்க்க யாரும் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்க மாட்டார்கள். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஸ்கிரீன்ஷாட்டோடு ஐந்தாவது வழி, ஓடிபியை மட்டும் வாய்விட்டுச் சொல்லாமல்.

## ஏற்கெனவே தொட்டுவிட்டால்

பக்கம் திறந்தது, எதுவும் தட்டவில்லை என்றால் மூடிவிடுங்கள்; போன் அப்டேட் ஆகியிருந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. பாஸ்வேர்டு கொடுத்துவிட்டால், வேறு கருவியில் அசல் தளத்துக்குப் போய் உடனே மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கேயும். ஏபிகே இறக்கி நிறுவிவிட்டால் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு, அடுத்தவர் போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு படங்களைப் பத்திரப்படுத்திக்கொண்டு போனை ரீசெட் செய்ய வேண்டியதுதான்.

பணம் போயிருந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு, அடுத்தது 1930-க்கு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதாகவோ வங்கியுடையதாகவோ இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்து 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. நீங்களே ஓடிபி கொடுத்திருந்தால், சொல்லும் வரை போனது உங்கள் கணக்கில். சொன்னபிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு இரவெல்லாம் யோசிக்காதீர்கள். வங்கி சொல்லும் புகார் எண்ணை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனுக்குப் போகும்போது, பணம் போன கணக்கு குமுளியில், வீடு கம்பத்தில் என்றால் ‘அது எங்கள் எல்லை இல்லை’ என்று இரு பக்கமும் அலைக்கழிக்க வாய்ப்பு உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. மெயிலை அழிக்காமல் வைத்திருங்கள். ஸ்கிரீன்ஷாட், வங்கி எஸ்எம்எஸ், 1930-ல் கொடுத்த எண் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் ஸ்டேஷனுக்கே போங்கள்.